‘டவுட்’ என்றால் ‘ஷக்’ ஆகிவிடுமா? உருது பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலத் தருக்கச் சொற்களை விளக்குவது எப்படி

சார்மினார்_தமிழச்சி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஹைதராபாத் பழைய நகரத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். உருது வழிப் பள்ளிகளில் படித்து முடித்து, அரசுத் தேர்வுக்கும் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் தயாராகும் பிள்ளைகள்தான் என் மாணவர்கள். செய்தித்தாளைக் கொடுத்தால் படித்துப் பொருள் சொல்லிவிடுவார்கள். ஆனால் ‘இந்தப் பத்தியிலிருந்து எது கட்டாயம் பெறப்படும், எது பெறப்படலாம், எது பெறப்படவே முடியாது’ என்று கேள்வி வந்தால் வகுப்பு முழுவதும் தடுமாறுகிறது. அறிவில் குறை இல்லை. பொருளை அறிந்தவர்கள்தான் வாக்கியத்தின் வலிமையை அளப்பதில் தவறுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘அவன்தான் பணத்தை எடுத்திருப்பான் என்று எனக்குச் சந்தேகம்’ என்பதை உருதுவில் ‘முஜே ஷக் ஹை கெ உஸ்னே பைஸே லியே’ என்பார்கள். அகராதி ‘ஷக்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘டவுட்’ என்று போட்டிருக்கிறது. எனவே மாணவர் ‘ஐ டவுட் தட் ஹீ டுக் தி மனி’ என்று எழுதுகிறார். ஆங்கிலம் படிப்பவருக்கு அதன் பொருள் ‘அவன் எடுத்திருப்பான் என்று நான் நம்பவில்லை’ என்பது. குற்றம் சாட்ட நினைத்தவர் அவனை விடுவித்துவிட்டார். அங்கே வேண்டியது ‘சஸ்பெக்ட்’. வழக்கறிஞராகப் போகிற பிள்ளை இதை எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

அகராதியை நம்பிப் பயனில்லை என்று தெரிகிறது. வேறு எந்த வழியில் போகலாம்? உருது அறிந்தவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கணித ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

வணக்கம் அம்மா. எனக்குத் தாய்மொழி உருது, ஊர் வாணியம்பாடி. தமிழிலும் இதே பொறி இருக்கிறது. ‘சந்தேகம்’ என்பதை நாம் கேள்விக்கும் சொல்கிறோம், ஐயத்துக்கும் சொல்கிறோம், ‘இவன்தான் செய்திருப்பான்’ என்ற குற்றச்சாட்டுக்கும் சொல்கிறோம். ஆகவே இது உருதுக்காரர்களின் குறை என்று வகுப்பில் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள்.

என் யோசனை இது. பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினைமுற்றிலிருந்து தொடங்குங்கள். உறுதியின் அளவை உருது வினையின் கடைசியில்தான் வைக்கிறது. ‘வோ கர் பர் ஹை’ என்றால் வீட்டில் இருக்கிறான், எனக்குத் தெரியும். ‘வோ கர் பர் ஹோகா’ என்றால் வீட்டில்தான் இருப்பான், நான் பார்க்கவில்லை, நேரத்தையும் அவன் வழக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன். ‘ஷாயத் வோ கர் பர் ஹோ’ என்றால் ஒருவேளை இருக்கலாம், பொறுப்பேற்க மாட்டேன். ஹை, ஹோகா, ஹோ. இந்த மூன்றையும் எங்கள் வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் முன்பே பிசகாமல் பேசுவார்கள். ஆங்கிலத்தில் ‘இஸ்’, ‘மஸ்ட் பீ’, ‘மே பீ’ என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

‘ஹோகா’ எதிர்கால வடிவம் என்பதால் மாணவர்கள் ‘வில் பீ’ என்று எழுதத் துடிப்பார்கள். ஆங்கிலத்தில் அதுவும் சில இடங்களில் பொருந்தும். ஆனால் ‘கயா ஹோகா’ (போயிருப்பான்) என்பதற்கு ‘மஸ்ட் ஹாவ் கான்’ என்பதை முதலில் பழக்குங்கள். கடந்த காலத்தைப் பற்றிய ஊகம் என்பது அதில் ஐயமில்லாமல் விளங்கும்.

எண்ணும்_எழுத்தும்

கணித ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘மஸ்ட் பீ’ என்பதை ‘இஸ்’ என்பதற்குக் கீழே ஒரு படியாக வைப்பது ஆபத்து. தேர்வுக் கேள்வியில் ‘விச் ஆஃப் தி ஃபாலோயிங் மஸ்ட் பீ ட்ரூ’ என்று வந்தால் அதற்கு ‘அநேகமாக உண்மை’ என்று பொருள் இல்லை. கொடுக்கப்பட்ட செய்திகள் உண்மையானால் இது பொய்யாக இருக்கவே வழியில்லை என்று பொருள். ‘ஹோகா’ என்று பழகிய மாணவர் அங்கே அநேகமாகப் பொருந்தும் விடையைத் தேர்ந்துவிட்டு மதிப்பெண்ணை இழப்பார்.

சொற்களையே விட்டுவிடுங்கள் என்பேன். ‘இது பொய்யாகும்படி ஒரு நிலைமையைக் கற்பனை செய்ய முடியுமா’ என்று ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் ‘மஸ்ட்’. முடியும், ஆனால் உண்மையாகும்படியும் ஒரு நிலைமை உண்டு என்றால் ‘குட்’. உண்மையாகும்படி ஒரு நிலைமையும் இல்லை என்றால் ‘கெனாட்’. எந்த மொழிக்காரருக்கும் இது போதும்.

பாலாற்றங்கரை

ஏற்கிறேன், ஆனால் பாதிதான். கதவருகே நனைந்த குடைகளைப் பார்த்து ‘இட் மஸ்ட் பீ ரெய்னிங்’ என்று சொல்பவர் ஐயத்தோடு சொல்லவில்லை, முழு நம்பிக்கையோடு சொல்கிறார். மழையை நேரில் பார்க்கவில்லை, குடைகளிலிருந்து முடிவுக்கு வந்தார், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ‘மஸ்ட்’ போட மாட்டார். உருதுவிலும் அப்படியே, ‘பாரிஷ் ஹோ ரஹீ ஹோகீ’ என்பார். ஆகவே ‘மஸ்ட்’ என்பது ஏணியில் கீழ்ப்படி என்று நான் சொல்ல வரவில்லை. முடிவு வேறொன்றிலிருந்து வந்தது என்பதன் அடையாளம் அது. உங்கள் தேர்வுக் கேள்விக்கும் இது பொருந்துகிறதே. பத்தியில் எழுதியிருப்பதிலிருந்து முடிவுக்கு வருவதைத்தான் அங்கும் கேட்கிறார்கள். தேர்வின் ‘மஸ்ட்’ தப்ப வழியில்லாதது, வீட்டு ‘ஹோகா’ தப்பலாம் என்ற வேறுபாட்டை மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம். தப்ப வழியில்லாததற்கு உருதுவில் ‘லாஜிமன்’ (கட்டாயமாக) என்ற சொல் இருக்கிறது.

காயல்_மாணவன்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் காயல்பட்டினத்துக்காரன், மதரஸாவில் ஓதியவன். உருதுக்காரர்களுக்குத் தருக்கச் சொற்களை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை. லக்னோவின் ஃபிரங்கி மஹலில் 18ஆம் நூற்றாண்டில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் மன்திக், அதாவது தருக்கவியல், பெரும் பங்கு வகித்தது. அந்தச் சொற்கள் அப்படியே உருதுவில் இறங்கியிருக்கின்றன.

உறுதியின் படிகளுக்கு அங்கே நான்கு பெயர்கள் உண்டு. யகீன் என்றால் மாற்று நிலைக்கே இடமில்லை. ஜன் (நாங்கள் தமிழில் ளன்னு என்று எழுதுவோம்) என்றால் இரண்டு பக்கமும் வாய்ப்பு உண்டு, ஒரு பக்கம் மேலோங்கி நிற்கிறது. ஷக் என்றால் இரண்டு பக்கமும் சமம். வஹ்ம் என்றால் மேலோங்கிய பக்கத்துக்கு எதிரே கிடக்கும் பலவீனமான பக்கம். ‘சர்ட்டன்’, ‘ப்ராபபிள்’, ‘அன்சர்ட்டன்’, ‘இம்ப்ராபபிள்’ என்ற நான்கையும் இவற்றின் மீது வைத்துப் பாருங்கள், எவ்வளவு சுத்தமாக உட்காருகின்றன! உருதுவில் ‘அநேகமாக’ என்பதற்கு ‘காலிபன்’ என்கிறார்களே, அதுவும் இந்த மேலோங்குதல்தான். காலிப் என்றால் வென்று நிற்பது.

அடுத்தது ‘நெசசரி கண்டிஷன்’. ஷர்த், அதாவது நிபந்தனை, என்பதற்கு உஸூல் நூல்கள் (இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படைகளைச் சொல்பவை) தரும் இலக்கணம் இது: அது இல்லாவிட்டால் இதுவும் இல்லை; ஆனால் அது இருப்பதாலேயே இது இருந்துவிடாது. ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவித் தூய்மை செய்வது) செய்யாமல் தொழுகை கூடாது. ஒளுச் செய்துவிட்டதாலேயே தொழுகை நிறைவேறிவிடாது. ஆங்கிலத் தருக்க நூலில் நெசசரி என்றும் சஃபிஷியன்ட் என்றும் பக்கம் பக்கமாக விளக்குவதை அந்தப் பிள்ளைகள் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பதை அவர்களுக்கே எடுத்துக் காட்டுங்கள் சகோதரி.

சார்மினார்_தமிழச்சி

வ அலைக்கும் ஸலாம். ஒளு எடுத்துக்காட்டைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ‘இஃப்’, ‘ஒன்லி இஃப்’ வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. ‘அகர் ஒளு, தோ நமாஸ்’ (ஒளு இருந்தால் தொழுகை) தவறு. ‘நமாஸ் தபீ, ஜப் ஒளு ஹோ’ (ஒளு இருக்கும்போதுதான் தொழுகை) சரி. தபீ என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த அழுத்தத்தில்தான் ‘ஒன்லி’ இருக்கிறது. தமிழில் நாம் ‘அப்போதுதான்’ என்று தானைச் சேர்ப்பது போல.

ஆனால் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் எல்லோரும் முஸ்லிம்கள் இல்லை. தலைமுறைகளாக உருது படித்த காயஸ்தர் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். முஸ்லிம் பிள்ளைகளிலும் மதரஸாவுக்குப் போனவர்கள் குறைவு. ‘வஹ்ம்’ என்று சொன்னால் அவர்களுக்கு மூடநம்பிக்கை, வீண் பயம் என்றுதான் மனத்தில் எழும்.

பாலாற்றங்கரை

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். காயல் தம்பியின் பட்டியல் அழகானது, ஆனால் அது நூல்களின் உருது. தெருவின் உருதுவில் அந்தச் சொற்கள் இடம்பெயர்ந்துவிட்டன. ‘ஜன்’ தனியாக அதிகம் வழங்குவதில்லை, ‘ஹுஸ்னே ஜன்’ (நல்லெண்ணம்) போன்ற தொடர்களில்தான் பிழைத்திருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணிவெடி ‘கியாஸ்’. மன்திக்கில் கியாஸ் என்றால் இரண்டு முற்கூற்றுகளிலிருந்து தப்பாமல் முடிவு பெறும் முறை, ஆங்கிலத்தில் சிலஜிசம். ஃபிக்ஹில், அதாவது இஸ்லாமியச் சட்டவியலில், ஒரு வழக்குக்குச் சொன்ன சட்டத்தை அதே காரணம் உள்ள இன்னொரு வழக்குக்கு நீட்டுவது. உருதுச் செய்தித்தாளிலோ ‘கியாஸ் ஆராயீ’ என்றால் ஆதாரமில்லாத ஊகம், அரட்டை. ஒரே சொல் உறுதியின் உச்சியிலும் இருக்கிறது, அடியிலும் இருக்கிறது. எந்தக் கியாஸ் என்று சொல்லாமல் கரும்பலகையில் எழுதினால் வகுப்பு மூன்றாகப் பிரிந்துவிடும்.

காயல்_மாணவன்

உண்மைதான் அண்ணா, கியாஸைப் பற்றிய எச்சரிக்கை தேவை. ‘ஜன்’ குர்ஆனிலேயே ஒரே அளவில் வருவதில்லை. 49ஆம் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் தவிர்க்கச் சொல்லப்படும் ஜன் பிறர் மீது கொள்ளும் தவறான எண்ணம். 2ஆம் அத்தியாயத்தின் 46ஆம் வசனத்தில் இறைவனைச் சந்திப்போம் என்று ‘ஜன்’ கொள்வோர் என்று வரும் இடத்தில் உறுதியான நம்பிக்கை என்றே பெரும்பாலான விரிவுரையாளர்கள் பொருள் கொள்கிறார்கள். சொல் ஒன்று, அளவை வாக்கியம் முடிவு செய்கிறது.

ஆனால் இதனால் படிகளையே கைவிட வேண்டாம். ஹனஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) ஃபர்ள் வேறு, வாஜிப் வேறு. ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரத்தால் நிலைபெற்ற கடமை ஃபர்ள். ஜன் அளவிலான ஆதாரத்தால் நிலைபெற்றது வாஜிப். எங்கள் ஷாஃபி மத்ஹபில் பொதுவாக இரண்டும் ஒன்றே. ஆதாரத்தின் உறுதி எவ்வளவு என்பதைக் கடமையின் பெயரிலேயே எழுதிவைத்த மரபு அது. ஹைதராபாத் முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஹனஃபிகளாகத்தான் இருப்பார்கள். தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், தெரியாதவர்களுக்கு வேறு வழி.

ஏட்டுச்சுருள்

நீதிமன்ற மொழிபெயர்ப்பில் பல காலம் கழித்தவன் என்பதால் சட்டப் பிள்ளைகளுக்காக ஒரு வழி சொல்கிறேன். இதற்கு மதரஸாவும் வேண்டாம், கணிதமும் வேண்டாம். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 3ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ப்ரூவ்டு’, ‘டிஸ்ப்ரூவ்டு’, ‘நாட் ப்ரூவ்டு’ என்று மூன்று நிலைகளை அது தனித்தனியாக வரையறுக்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் இந்த மூன்றும் தொடர்கின்றன. பாகிஸ்தானில் 1984ஆம் ஆண்டு ஆணையின் பெயரே கானூனே ஷஹாதத் (சாட்சியச் சட்டம்).

இந்த மூன்றில் மாணவர்கள் விழும் இடம் நடுவில் இருக்கிறது. உருதுவில் ‘ஸாபித் நஹீன் ஹுவா’ என்றால் நிரூபிக்கப்படவில்லை. கேட்பவர் காதில் ‘அப்படியானால் பொய்’ என்று விழுகிறது. தமிழிலும் அப்படித்தான் விழுகிறது. நிரூபணமாகாதது வேறு, பொய்யென்று நிரூபணமானது வேறு. பின்னதற்கு ‘கலத் ஸாபித் ஹுவா’ என்று இரண்டு சொல் போட்டே ஆக வேண்டும். உங்கள் தேர்வில் ‘கெனாட் பீ டிட்டர்மின்டு’ என்று ஒரு விடை வருமே, அதை மாணவர்கள் தேர்ந்தெடுக்கத் தயங்குவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் மனத்தில் இரண்டு அறைகள்தான் இருக்கின்றன. மூன்றாவது அறையைத் திறந்துவிடுங்கள்.

‘தலீல்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். ‘ஆர்க்யுமென்ட்’, ‘எவிடன்ஸ்’, சில சமயம் ‘ப்ரூஃப்’ மூன்றுக்கும் அதுவே வருகிறது. எவிடன்ஸுக்கு ஷஹாதத் அல்லது ஸுபூத், ஆர்க்யுமென்ட்டுக்குத் தலீல், தப்பாத ப்ரூஃபுக்கு புர்ஹான் என்று வகுப்புக்குள் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் குழப்பம் குறையும். ஊர் முழுவதும் அப்படிப் பேசாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எண்ணும்_எழுத்தும்

மூன்றாவது அறை என்றது மிகவும் சரி. அதைத் திறக்கத் தவறுவதால்தான் கணிதத்திலும் ‘எதிர் எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை, ஆகவே உண்மை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்று கேட்கிறேன். ‘வேலிட்’, ‘ட்ரூ’ இரண்டையும் உருதுவில் எப்படிப் பிரிப்பது? இரண்டுக்கும் ‘ஸஹீஹ்’ (சரியானது) என்றே எழுதுவதை மொழிபெயர்ப்பில் பார்த்திருக்கிறேன். முற்கூற்றுகள் பொய்யாக இருந்தும் வாதம் வேலிட் ஆக இருக்க முடியும் என்பதை இதனால் விளக்கவே முடிவதில்லை.

ஏட்டுச்சுருள்

கூற்றுக்கு ‘ஸச்’ (உண்மை), ‘ஜூட்’ (பொய்) மட்டும். வாதத்துக்கு ‘துருஸ்த்’ (செம்மையானது), ‘நா துருஸ்த்’ (செம்மையற்றது) மட்டும். இந்த வேலியைத் தாண்டக் கூடாது என்று வகுப்பில் விதி வையுங்கள். ‘எல்லா மீன்களும் பறக்கும், ஒட்டகம் ஒரு மீன், ஆகவே ஒட்டகம் பறக்கும்’ என்று எழுதுங்கள். மூன்று கூற்றுகளும் ஜூட், வாதம் துருஸ்த். கூற்றுகளும் ஸச், வாதமும் துருஸ்த் என்றால் அதுதான் ஆங்கிலத்தில் ‘சவுண்டு’. ஸஹீஹ் என்ற சொல்லை அந்த வாரம் முழுவதும் கரும்பலகைப் பக்கம் விடாதீர்கள். ஹதீஸ் தரத்துக்கும் அது சொல்லாக இருப்பதால் மாணவர்களுக்கு அதில் ஏற்கெனவே வேறொரு கனம் ஏறியிருக்கிறது.

நீங்கள் இருக்கும் ஊரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது பயிற்றுமொழி உருது. அதற்கு முந்தைய ஆண்டே தாருல் தர்ஜுமா என்ற மொழிபெயர்ப்பு நிலையம் அமைந்து, மேற்கத்திய அறிவியலும் தருக்கமும் தத்துவமும் உருதுவுக்கு வந்தன. கலைச்சொற்களுக்கு அரபியை நாடுவதா, மக்கள் பேசும் சொல்லை நாடுவதா என்று அங்கே கடுமையாக வாதிட்டார்கள். இந்த இழையில் காயல் தம்பியும் பாலாற்றங்கரை ஐயாவும் வாதிடுவது அதே வழக்குத்தான். 1948க்குப் பிறகு பயிற்றுமொழி ஆங்கிலமாகிவிட்டது. அந்த உழைப்பு இன்று வகுப்பறைக்கு வராமல் நூலக அலமாரியில் கிடப்பதைப் பெரும் இழப்பாகவே கருதுகிறேன். உங்கள் மாணவர்களை ஒரு நாள் அந்த நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். தருக்கத்தைத் தங்கள் மொழியிலேயே பல்கலைக்கழக அளவில் படித்த தலைமுறை ஒன்று அதே ஊரில் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

சார்மினார்_தமிழச்சி

கட்டாயம் அழைத்துப் போகிறேன் ஐயா.

எல்லாவற்றையும் படித்தபின் எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் தேடுவதை நிறுத்துகிறேன். முதலில் ஹை, ஹோகா, ஹோ. அதை எல்லோரும் அறிவார்கள், காயஸ்தர் வீட்டுப் பெண்ணும் அறிவாள். அதன்மேல் ஏட்டுச்சுருள் ஐயாவின் மூன்று அறைகள். ஷர்த் இலக்கணத்தை அதன் பிறகு. ஒளு தெரிந்தவர்களுக்கு ஒளு, மற்றவர்களுக்கு ரயில் டிக்கெட்: டிக்கெட் இல்லாமல் பயணம் கூடாது, டிக்கெட் இருப்பதாலேயே ரயில் ஏறிவிட்டதாக ஆகாது. யகீன், ஜன், ஷக், வஹ்ம் நான்கையும் கடைசியில், ‘உங்கள் முன்னோர் இதை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தார்கள்’ என்று சொல்லி வைப்பேன்.

மீதி ஒரே கேள்வி. ‘சக்தா ஹை’யை என்ன செய்வது? ‘வோ ஆ சக்தா ஹை’ என்றால் அவனுக்கு வர முடியும், அவன் வர அனுமதி உண்டு, அவன் வரக்கூடும் என்று மூன்றும் பொருந்துகின்றன. மாணவர்கள் எல்லாவற்றுக்கும் ‘கேன்’ போடுகிறார்கள்.

பாலாற்றங்கரை

உருதுவிலேயே பிரித்து எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். ‘ஆனே கீ தாகத் ஹை’ என்று மாற்ற முடிந்தால் ‘கேன்’. ‘ஆனே கீ இஜாஜத் ஹை’ என்றால் ‘மே’, பேச்சில் ‘கேன்’ என்றாலும் குற்றமில்லை. ‘மும்கின் ஹை கெ ஆயே’ என்று மாறினால் ‘மே’ அல்லது ‘மைட்’, அங்கே மட்டும் ‘கேன்’ கூடாது. எதிர்மறையில் வேலை சுலபம். ‘ஹோ ஹீ நஹீன் சக்தா’ என்றால் ‘கெனாட் பீ’. ‘ஜரூரீ நஹீன்’ என்றால் ‘நாட் நெசசரிலி’. இந்த இரண்டும் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. மாணவர்களுக்கு முதல் வெற்றி வேண்டுமானால் இங்கிருந்தே தொடங்கலாம்.

சார்மினார்_தமிழச்சி

அருமை. இதைத் திங்கட்கிழமை வகுப்பிலேயே வைக்கிறேன். ‘அஸ்யூம்’, ‘ப்ரிஸ்யூம்’ இரண்டையும் யாராவது பிரித்துக் கொடுத்துவிட்டால் இந்த வாரப் பாடம் நிறைந்துவிடும். இரண்டுக்கும் ‘ஃபர்ஜ் கர்னா’ என்றுதான் எழுதுகிறார்கள்.

காயல்_மாணவன்

‘ஃபர்ஜ் கரோ’ என்பது அஸ்யூமுக்கு மட்டும் இருக்கட்டும். ஆதாரம் கேட்காமல், வாதத்துக்காக ஒன்றை வைத்துக்கொள்வது அது. ப்ரிஸ்யூமுக்கு ஃபிக்ஹின் ஒரு விதி இருக்கிறது: அல் யகீனு லா யஜூலு பிஷ் ஷக். உறுதியாக இருந்தது ஐயத்தால் நீங்காது. துருக்கிய உஸ்மானிய (ஆட்டோமன்) பேரரசின் மஜல்லா சட்டத் தொகுப்பில் 4ஆம் பிரிவாக இது இருக்கிறது. ஒளுச் செய்தது உறுதி, முறிந்ததா என்று ஐயம் மட்டும் என்றால் ஒளு இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

ஏட்டுச்சுருள்

சட்டப் பிள்ளைகளுக்கு இதையே இப்படிச் சொல்லலாம்: ‘ஜப் தக் ஜுர்ம் ஸாபித் ந ஹோ, முல்ஜிம் பேகுனாஹ் ஹை’. குற்றம் நிரூபணமாகாதவரை குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி. அந்த ‘ஜப் தக் ... ந’ இருந்தால் ப்ரிஸ்யூம், இல்லாவிட்டால் அஸ்யூம். ‘அன்லெஸ்’, ‘அன்டில்’ இரண்டையும் அதே வாக்கியத்தில் வைத்துப் பயிற்சி கொடுங்கள். இரண்டுக்கும் உருதுவில் ‘ஜப் தக் ந’ என்றே வருவதால் அங்கும் கொஞ்சம் நேரம் செலவாகும்.